வேகக் காரும் கல்லாவில் நிற்கும் பெண்ணும்

பாட்டு வந்த வழி – 12

1988 ஜூன் 11. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 70,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். தென்னாப்பிரிக்கச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக நடந்த இசை நிகழ்ச்சி அது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பானது. மாலையில் ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரத்தில், அவருடைய சிந்தசைசர் இசை பதிவாகியிருந்த ஹார்ட் டிஸ்கைக் காணோம். அது இல்லாமல் பாட முடியாது என்று மனமுடைந்து அவர் கிளம்பிவிட்டார்.

உடனே யாரையாவது ஏற்றியாக வேண்டும். வாத்தியக் குழுவோ மேடை ஏற்பாடோ தேவைப்படாதவராக இருக்க வேண்டும். அன்று ஏற்கெனவே பாடி முடித்திருந்த 24 வயது ட்ரேஸி சாப்மனை மறுபடி அழைத்தார்கள். கையில் கிட்டார், எதிரே மைக். வேறொன்றும் இல்லை. அவர் பாடியது ‘ஃபாஸ்ட் கார்’.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘அதிர்ஷ்டம்’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேடை தற்செயலாகக் கிடைத்ததுதான். ஆனால், பெரிய நட்சத்திரத்துக்காகக் காத்திருந்த கூட்டத்தை ஒற்றைக் கிட்டாரோடு கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் பிடித்துவைக்கும் பலம் பாட்டிலேயே இருந்தது. சொல், மெட்டு, குரல், கிட்டார் எல்லாமே அவருடையவை.

சாப்மன் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். அம்மாவின் தனி உழைப்பில் வளர்ந்தவர். எட்டு வயதிலேயே கிட்டார் பழகியவர். உதவித்தொகை கிடைத்துத் தனியார் பள்ளிக்குப் போனார்; பிறகு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தார். படிக்கும்போதே ஹார்வர்டு சதுக்கத்துத் தெருவோரத்தில் பாடினார். அவர் பாட்டைக் கேட்டு அசந்துபோன சக மாணவர் ஒருவர், இசை வெளியீட்டுத் துறையில் இருந்த தன் தந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்க்க, வழி திறந்தது. தயாரிப்பாளர் டேவிட் கெர்ஷன்பாமை நான் மதிப்பது ஒரு காரணத்துக்காக. சிந்தசைசரும் டிரம் மெஷினும் கோலோச்சிய காலத்தில், குரலும் கிட்டாரும் முன்னால் நிற்கட்டும் என்று மற்றதையெல்லாம் அடக்கி வாசிக்கவைத்தார்.

இனி பாட்டுக்குள் போவோம். சில சுரங்களே ஆன ஒரு சிறு கிட்டார் துணுக்கு. அது சுற்றிச் சுற்றி வருகிறது. அதன்மேல் ஒரு பெண் தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டே போகிறாள். குடிகார அப்பாவை அம்மா விட்டுப் போய்விட்டாள். அவரைப் பார்த்துக்கொள்ள இவள் படிப்பை நிறுத்தினாள். கடையில் வேலை பார்த்துக் கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறாள். காதலனிடம் ஒரு கார் இருக்கிறது. நகரத்துக்குப் போய்விடலாம் என்கிறாள். பாப் பாட்டென்றால் பல்லவி சீக்கிரம் வந்துவிட வேண்டும். இங்கே நான்கு பத்திகள் முடியும்வரை வருவதில்லை. கிட்டார் துணுக்கும் மாறாமல் அதே இடத்தில் சுற்றுகிறது, அவள் வாழ்க்கையைப் போல.

பிறகு டிரம்ஸ் முழங்கப் பல்லவி திறக்கிறது. கார் பறக்கிறது, நகர விளக்குகள் தெரிகின்றன, தோளில் அவன் கை. கேட்கிற நமக்கும் நெஞ்சு விம்முகிறது. ஆனால் அவள் அதைச் சொல்வது ‘நினைவிருக்கிறது’ என்றுதான். பாட்டிலேயே மிக மகிழ்ச்சியான இடம் எப்போதோ முடிந்துபோன ஒன்று. இதைக் கவனிக்காமல் கேட்பவர்கள் இதைத் தப்பிப் பறக்கும் உற்சாகப் பாட்டு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

நகரத்தில் அவளுக்குக் கடையில் கல்லா வேலை கிடைக்கிறது. அவனுக்கு வேலை இல்லை. வருடங்கள் ஓடுகின்றன. அவள் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது; அவன் நேரம் போவது தெரியாமல் மதுக்கடையில் இருக்கிறான், பிள்ளைகளைவிட நண்பர்களோடு அதிகம். அப்பாவிடம் பார்த்ததையே இவனிடமும் பார்க்கிறாள். கடைசியில் காரை எடுத்துக்கொண்டு அவனையே போகச் சொல்கிறாள். தப்பிக்க உதவும் என்று நம்பிய கார், அவனை அனுப்பிவைக்கப் பயன்படுகிறது. அவள் அழுவதில்லை, சபிப்பதில்லை. உழைக்கும் பெண் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு அது. இத்தனை கனமான கதையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன பாப் பாட்டு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

வெம்ப்ளிக்குப் பிறகு விற்பனை எகிறியது. பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஆறாவது இடம், பிரிட்டனில் ஐந்தாவது. 1989-இல் மூன்று கிராமி விருதுகள். அதில் ஒன்று இந்தப் பாட்டைப் பாடியதற்காக.

2023-இல் லூக் கோம்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் இதே பாட்டைப் பதிவுசெய்தார். அது ஹாட் 100 பட்டியலில் இரண்டாவது இடம்வரை போனது. கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம். தனியாக எழுதிய பாட்டு ஒன்று அங்கே முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார் சாப்மன். கறுப்பினப் பெண்களுக்கு அநேகமாக இடமே தராத வானொலிகள், அவர்களில் ஒருவரின் பாட்டை ஒரு வெள்ளை ஆணின் குரலில் கொண்டாடுகின்றனவே என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. ஆனால் கோம்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுவயதில் அப்பாவோடு கேட்டு வளர்ந்த பாட்டு அவருக்கு. ஆண் பாடும்போதும் கல்லாவில் நிற்பவள் பெண்ணாகவே இருக்கிறாள். அந்தச் சொல்லைக்கூட அவர் தொடவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம் தரும் ‘சிறந்த பாடல்’ விருது, எழுதியவர் என்ற முறையில் சாப்மனுக்குப் போனது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர். 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். உடனே அமெரிக்க ஐடியூன்ஸ் பட்டியலில் ‘ஃபாஸ்ட் கார்’ முதலிடத்துக்கு ஏறியது. மக்கள் தேடிப்போய் வாங்கியது 1988-இல் சாப்மன் பாடிய பதிவை.

(தொடரும்)