ஜப்பான் பள்ளிக்கூடத்தில் நம் ஊர் டீச்சரம்மா

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலுள்ள திருவண்ணாமலையில் கூட்டம் சொல்லி முடியாது. (அருணாசலேசுவரர் ஊரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது 'தென் திருப்பதி' என்று சுற்று வட்டாரத்தார் கொண்டாடும் ஸ்ரீநிவாசப் பெருமாளின் சிறு குன்று.) அங்கே செருப்பைக் கழற்றும்படி யாரும் அதட்ட வேண்டியதில்லை, கால் தானாகவே கழற்றிவிடும். அப்படி வளர்ந்த பெண் ஒருத்தி ஜப்பானியப் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்காத காரியமல்ல. 1987-இல் ஜப்பானிய அரசாங்கம் அயல்நாட்டு இளைஞர்களை வரவழைத்துப் பள்ளிகளில் உதவி ஆசிரியர்களாக அமர்த்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் வருஷம் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் போனார்கள். பிறகு ஜாபிதா நீண்டு, இந்தியாவும் அதில் சேர்ந்தது.

வாசலிலேயே நம் பெண்ணுக்கு முதல் வெற்றி. தெருச் செருப்பை மர அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்வதற்கென்றே உள்ள ஜோடியை மாட்டிக்கொள்ள வேண்டும். கழிவறைக்குத் தனிச் செருப்பு. அமெரிக்கர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்கு இது பாட்டி சொன்ன பாடம். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை ஆட்டினால் அங்கேயும் "இங்கே வா" என்றுதான் அர்த்தம். அதைப் பார்த்து "போ" என்கிறார்களோ என்று திகைப்பவர்கள் மேல்நாட்டார்தாம்.

பெயர் விஷயத்தில்தான் வேடிக்கை. அங்கே குடும்பப் பெயரோடு 'சென்சேய்' சேர்த்து ஆசிரியரைக் கூப்பிடுவார்கள். நமக்கோ குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் தகப்பனார் பெயர். கல்யாணமானவளானால் கணவர் பெயர். ஆகவே அப்பா சுப்பையா என்றால், பள்ளிக்கூடம் முழுவதும் மகளை "சுப்பையா சென்சேய்" என்று அழைக்கும். ஊரில் அப்பாவைப் பேர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டிராத பெண், அந்தப் பேருக்கு நாள் முழுவதும் "ஏன்?" என்று திரும்பிப் பார்க்க வேண்டும்!

லீவில் ஊருக்கு வந்து திரும்பினால் சக ஆசிரியர்களுக்குத் தின்பண்டம் கொண்டுபோவது அங்கே கட்டாயம் மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்ன கொண்டுபோவாள்? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாதான். ஆனால் ஒரே பொட்டலமாக நீட்டிவிடக் கூடாது. ஆளுக்கொன்றாகச் சின்னச் சின்னதாய்ச் சுற்றி ஒவ்வொரு மேஜையிலும் வைக்க வேண்டும். பால்கோவா அதிக நாள் தாங்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மத்தியானச் சாப்பாடு நமக்குப் புதிதில்லை. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதே! ஜப்பானில் இதற்கு வயது இன்னும் அதிகம். 1889-இல் சுருவோகா என்ற ஊரில், கோயில் ஒன்றில் நடந்த பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்ததுதான் ஆரம்பம். இன்று பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து, முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். டீச்சரும் வகுப்பிலேயே உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறாள். சைவக்காரிக்கு இங்கே சங்கடம்தான். மீன் துண்டமே கண்ணில் படாத சூப்பிலும் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். துடைப்பம்தான் கஷ்டம்.

தினமும் சுமார் கால் மணி நேரம், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒலிபெருக்கியில் பாட்டு வரும். பெஞ்சுகள் ஒதுங்கும். பிள்ளைகள் ஈரத் துணியைத் தரையில் அழுத்திக்கொண்டு குனிந்தபடியே ஓடுவார்கள். பல பள்ளிகளில் கழிவறையும் அவர்கள் பொறுப்பு. இன்றைக்கு ஒரு கோஷ்டி, நாளைக்கு வேறொன்று. ஆசிரியர்களும் துணியும் கையுமாகச் சேர்ந்துகொள்வார்கள்.

நம் ஊரில் பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் எழும் முதல் கேள்வி, "யார் வீட்டுப் பிள்ளை?" என்பது. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் இனத்துப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்தார் என்ற புகாரில் ஒரு தலைமையாசிரியை கைதானார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எல்லார் வீட்டுப் பிள்ளையும் முறைவைத்துக் கழுவினால் அதே வேலைக்கு என்ன பெயர் என்று நாம் யோசித்ததில்லை.

ஜப்பானியர் இந்தப் பாவம் அறியாதவர்கள் என்று எண்ண வேண்டாம். தோல் பதனிடுவோரையும் பிணம் புதைப்போரையும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கியவர்கள்தாம் அவர்களும். 1871-இல் சட்டம் அந்த இழிவை நீக்கியது. ஆனாலும் 1975-இல், அந்த மக்கள் வாழும் ஊர்களின் பட்டியல் கம்பெனிகளுக்கு ரகசியமாக விற்கப்பட்டது அம்பலமாயிற்று. பள்ளிக்கூடத்துத் துணியால் துடைக்க முடியாத இடங்கள் அங்கேயும் உண்டு.

நம் டீச்சரம்மா விருந்தாளி. அவளை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி மட்டும் பிழிந்த துணி ஒன்றை நீட்டிக்கொண்டு முன்னால் நிற்பாள். வீட்டில் வேலைக்காரி விட்டுப்போன துடைப்பத்தைக்கூடத் தொட்டுப் பழகாத கையாக இருந்தால், கொஞ்சம் தயங்கும். ஒலிபெருக்கியில் பாட்டு அதற்குள் பாதி முடிந்திருக்கும்.