நீரைத் தாங்கும் தாள்

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மையில் பெரும்பங்கு நீரே என்பதால், அதற்குத் தாள் தேர்ந்தெடுப்பது என்பது, தன்மேல் விழும் நுண்துளிகளைப் பரவவிடாமல் மேற்பரப்பிலேயே நிறுத்தி, விரைந்து உலரவைக்கும் தாளைத் தேர்ந்தெடுப்பதே ஆகும். ஜெராக்ஸ் இயந்திரமும் லேசர் பிரிண்டரும் உலர்ந்த பொடியை வெப்பத்தால் தாளில் உருக்கி ஒட்டுவதால், அவற்றில் பளிச்சென்று அச்சாகும் அதே தாள் இங்க்ஜெட்டில் எழுத்தின் ஓரங்களைப் பிசிறடிக்கச் செய்வதும், வண்ணத்தைப் பின்பக்கம் வரை கசியவிடுவதும் உண்டு. அந்தக் குறையைப் பலரும் பிரிண்டரின் பழுது என்று எண்ணிவிடுகின்றனர். பல நேரங்களில் அது தாளின் குணமே.

இக்குணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியச் சேலம், நாமக்கல் சமவெளியை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1960இல் நிறுவப்பட்ட சேஷசாயி காகித ஆலை, நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் காவிரிக்கரையில் நிற்கிறது. 1979இல் தமிழக அரசு நிறுவி, 1984இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், பரமத்தி வேலூருக்கு எதிர்க்கரையில், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இயங்குகிறது. சர்க்கரை ஆலைகளில் சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையைத் தாளாக மாற்றுவதில் இப்பகுதி பெயர்பெற்றது. சக்கையின் நடுவிலுள்ள பஞ்சுபோன்ற சோற்றுப்பகுதி நார்த்தன்மை அற்றது என்பதால் அதை முதலில் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சும் நாரை வேகவைத்து, வெளுத்துக் கூழாக்குகின்றனர். சக்கை நார் குட்டையானது என்பதால் அது தாளுக்கு வழவழப்பைத் தருகிறது. தைலமரம், சவுக்கு போன்ற மரங்களின் கூழும் அதனுடன் சேர்க்கப்படுகிறது.

இயந்திரத்தின் கம்பிவலைமேல் பாயும்போது இக்கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நீராகவே இருக்கும். வடித்து, அழுத்தி, சூடான உருளைகளில் உலர்த்திய பின் ஏறத்தாழ 5 விழுக்காடு ஈரமே தாளில் எஞ்சும். அப்படியே விட்டால் அது மை உறிஞ்சும் ஒற்றுத்தாளைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே, நீரை எதிர்க்கும் பிசின் போன்ற பொருளைக் கூழிலேயே கலப்பதோடு, உருவான தாளின் இரு பக்கமும் மெல்லிய கஞ்சி பூசப்படுகிறது. இதனைப் பசையிடுதல் என்பர். தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வழக்கத்தை அறிந்த இவ்வட்டார நெசவாளருக்கு இது புதிதாகத் தோன்றாது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விளையும் மரவள்ளிக் கிழங்கின் மாவு, ஜவ்வரிசியாவதோடு நெசவுக்கும் காகிதத் தொழிலுக்கும் பயன்படுவதே. இந்தக் கஞ்சிப் பூச்சு சீராக அமைந்த தாளில்தான் இங்க்ஜெட் எழுத்து கூர்மையாக நிற்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நீர் கலந்த மை ஊற்றும் பேனாவால் தாளில் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகளை இழுத்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தை உற்றுநோக்கினால், பசை குறைந்த தாளில் கோட்டின் இருபுறமும் மயிரிழை போன்ற வேர்கள் ஓடியிருக்கும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் புள்ளிகள் தெரியும். நல்ல தாளில் கோடு கோடாகவே நிற்கும்.

உறையில் அச்சிட்டிருக்கும் ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் குறிப்பது. பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர் ஆகும் என்பதால், 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றின் எடை 5 கிராம்; 500 தாள் கொண்ட ஒரு ரீம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 70 ஜி.எஸ்.எம். என்றால் ரீம் 2 கிலோ 200 கிராமை ஒட்டியிருக்கும். எனவே உறையிலுள்ள எண் மெய்தானா என்பதை மளிகைக்கடைத் தராசே சொல்லிவிடும். ஒரு பக்கம் மட்டும் எழுத்து அச்சிட 70 அல்லது 75 போதும்; இரு பக்கமும் அச்சிடவோ, வண்ணப் படங்கள் கலந்த பள்ளிச் செயல்திட்டத்துக்கோ 80க்குக் குறையாமல் வாங்குவது நலம். எனினும் எடை கூடியதாலேயே மை கசியாது என்று கொள்ளலாகாது. அது பசையைப் பொறுத்தது.

மையின் வகையையும் கருத வேண்டும். நீரில் கரைந்துவிடும் சாய மை, கரையாத நுண்துகள்கள் மிதக்கும் நிறமி மை என அது இருவகைப்படும். பல வீட்டுப் பிரிண்டர்களில் கறுப்பு நிறமியாகவும் வண்ணங்கள் சாயமாகவும் அமைகின்றன. கலர்லாக் முத்திரை உள்ள தாள்களின் மேற்பரப்பில் சேர்க்கப்படும் உப்பு, நிறமித் துகள்களைப் பட்ட இடத்திலேயே திரளச் செய்வதால் கறுப்பு அடர்ந்து தெரியும். மழையில் நனையக்கூடிய பார்சல் முகவரிக்குச் சாய மை உதவாது.

ஒளிப்படம் அச்சிடச் சாதாரணத் தாள் எதுவும் ஈடாகாது. போட்டோ தாளின் மேற்பரப்பில் மையை நொடியில் உள்வாங்கும் நுண்துளைப் பூச்சு உண்டு. உயர்வகைத் தாளில் அதன் அடியில் பிளாஸ்டிக் படலமும் இருப்பதால் தாள் நெளியாது. எந்தப் பக்கம் பூச்சு என்று ஐயம் எழுந்தால், ஈரவிரலால் மூலையைத் தொட, லேசாக ஒட்டும் பக்கமே பெரும்பாலும் அச்சிட வேண்டிய பக்கம். அழைப்பிதழ் அச்சகங்களில் கிடைக்கும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் இங்க்ஜெட் மை உலராமல் இழுபடும். இங்க்ஜெட் போட்டோ தாளை லேசர் பிரிண்டரில் செலுத்தினாலோ பூச்சு வெப்பத்தில் உருகி இயந்திரத்தையே கெடுத்துவிடும்.

வாங்கியதைக் காப்பதும் தேர்வின் ஒரு பகுதியே. ஐப்பசி மழைநாட்களில் பிரித்துவைத்த ரீம் காற்றின் ஈரத்தை உறிஞ்ச, நார்கள் குறுக்கே உப்பித் தாள் சுருள்கிறது. இரண்டு மூன்று தாள்கள் சேர்ந்து இழுபட்டுச் சிக்குகின்றன. ஈரம் புகாதபடி உட்புறம் படலமிட்ட உறையையே மறுபடி மடித்து, தரையில் அல்லாமல் அலமாரியில் படுக்கவைத்தால் இத்தொல்லை குறையும். அன்றாட எழுத்துக்கு ஒரு ரீம், இருபக்க அச்சுக்குச் சற்றுக் கனமான மற்றொன்று, படத்துக்குச் சில போட்டோ தாள்கள் என்று வைத்துக்கொள்ளும் வீட்டில், காவிரி நீரில் ஊறி, பிழியப்பட்டு, உலர்ந்து வந்த தாள், மைத்துளியின் வடிவில் மறுபடி நீரைச் சந்திக்கும்போது, எழுதியதைச் சிதறாமல் ஏந்திக்கொள்ளும்.