ஆயாவுக்கு அது விடுமுறையா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது, பட்டணத்து வீடுகளில் பிள்ளை பார்க்கும் நம் பெண்களுக்கு ஓர் அழைப்பு வருவதுண்டு. "அடுத்த வாரம் குடும்பத்தோட கேமரன் மலைக்குப் போறோம். நீயும் வாம்மா. சின்னவனைப் பார்த்துக்கலாம். உனக்கும் ஊர் பார்த்த மாதிரி இருக்கும்" என்று வீட்டு அம்மா சொல்வார். செய்தி லயத்துக்கு வந்ததும், "கொடுத்து வைத்தவள்" என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வார்கள். அந்த அழைப்பில் அன்பும் இருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வியை இன்று சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். அந்தப் பயணம் யாருக்கு விடுமுறை? யாருக்கு வேலை?

பட்டணத்து வீட்டில் காலையில் போய் மாலையில் திரும்பும் பெண்ணுக்கு, மாலை என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிறாள், குளிக்கிறாள், தன் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சுற்றுலாவில் அந்த மாலை கிடையாது. விடியற்காலையில் குழந்தைக்குப் பால் கலக்குவதில் தொடங்கி, குளிப்பாட்டி, ஊட்டி, கடைவீதியில் தூக்கிக்கொண்டு நடந்து, இரவு தூங்க வைக்கும் வரை கை ஓய்வதில்லை. தங்கும் அறையில் அவளுக்குப் படுக்கையும் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேதான். நள்ளிரவில் குழந்தை அழுதால் முதலில் எழுபவள் அவளே. புது இடம், புதுத் தண்ணீர், புதுக் குளிர் என்றால் குழந்தைகளும் வழக்கத்தைவிட அதிகமாகவே அடம் பிடிக்கும். ஆக, வீட்டில் பத்து மணி நேரமாக இருந்த வேலை, வெளியூரில் இருபத்து நான்கு மணி நேரமாக நீண்டுவிடுகிறது. சம்பளம் மட்டும் பழைய சம்பளமாகவே நின்றுவிடுகிறது. "ஊர் பார்த்தாயே" என்பதே கூலியாகிவிடுகிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கம் அன்று. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பிரேசர் மலையும் கேமரன் மலையும் அவர்கள் வெயிலுக்குத் தப்பி ஓய்வெடுக்கும் இடங்களாக உருவாயின. துரைசானிமாரோடும் பிள்ளைகளோடும் ஆயாக்களும் சீன ஆமாக்களும் மலை ஏறினார்கள். அதைவிடத் தொலைவான பயணமும் இருந்தது. இந்தியாவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பங்கள், கடல் வழியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை அழைத்துப் போயின. கப்பலில் வாரக் கணக்கில், தாய்மார் கடல் மயக்கத்தில் படுத்திருக்க, குழந்தைகளைக் காத்தவர்கள் அந்த ஆயாக்கள்தாம்.

கரை சேர்ந்த பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. சில குடும்பங்கள் ஆயா ஊர் திரும்பக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்தன. சில குடும்பங்கள், வேலை முடிந்தது என்று அப்படியே விட்டுவிட்டன. 1908ஆம் ஆண்டில், ஓர் ஆயாவை லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ஒரே ஒரு பவுண்டு பணத்தைக் கையில் கொடுத்து விட்டுப்போன செய்தி அரசாங்கப் பதிவேடுகளிலேயே இருக்கிறது. இப்படித் தவித்தவர்களுக்காகவும், திரும்பும் கப்பலுக்காகக் காத்திருந்தவர்களுக்காகவும் லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று நடந்தது. 1900ஆம் ஆண்டில் அது ஹேக்னி வட்டாரத்தில், கிங் எட்வர்ட் சாலை 26ஆம் எண் வீட்டுக்கு மாறியது. இந்திய ஆயாக்களும் சீன ஆமாக்களும் அங்கே தங்கினார்கள். 2022ஆம் ஆண்டில் அந்த வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான். போகும் வழியை எல்லாரும் பேசுகிறார்கள்; திரும்பும் வழியை யாரும் பேசுவதில்லை. திரும்பும் சீட்டு கையில் இருந்த ஆயா ஊர் வந்து சேர்ந்தாள். நல்ல மனசை மட்டும் நம்பிப் போனவள் ரயில் நிலையத்தில் நின்றாள்.

சரி, சட்டம் நமக்குத் துணை நிற்காதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு நிற்கும். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு நிறுத்துவதானாலும் நிற்பதானாலும் 14 நாள் முன்னறிவிப்புத் தேவை. ஆனால் அதே சட்டத்தில் வார ஓய்வு நாள், வேலை நேரம், பொது விடுமுறை ஆகியவற்றைச் சொல்லும் பகுதி வீட்டுப் பணியாளரை விட்டுவிட்டே எழுதப்பட்டது. பால் வெட்டுகிறவருக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் உள்ள அந்தப் பாதுகாப்பு, பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு இல்லாமல் போயிற்று. குறைந்தபட்சச் சம்பள ஆணையிலும் அவளுக்கு இடம் வைக்கவில்லை. ஆகவே, சட்டம் எழுதாமல் விட்டதை நாம் வாய் திறந்து பேசித்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி முதல் வீட்டுப் பணியாளரையும் சொக்சோவில் பதிய வேண்டும் என்று ஆனது. வேலை நிமித்தமாகப் போகும் பயணத்தில் விபத்து நேர்ந்தால் அந்தப் பதிவு கைகொடுக்கும். ஆகவே, கார் ஏறுவதற்கு முன்பே, "அம்மா, என் பேரை சொக்சோவில் பதிஞ்சாச்சா?" என்று கேட்பது தவறாகாது.

உலக அளவிலும் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2011இல் வீட்டுப் பணியாளருக்காக 189ஆம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அழைத்தால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்கிறது அது. ஓய்வு நேரத்தில் குடும்பத்தாரோடே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும், பயணப் பத்திரங்களைப் பணியாளரே வைத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. நம் நாட்டில் அது சட்டமாகவில்லை. ஆனாலும் எது நியாயம் என்று பேச அது நமக்கு உதவும்.

இனி, புறப்படுவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, நாளும் சம்பளமும். எத்தனை நாள்? அந்த நாள்களுக்கு எவ்வளவு வெள்ளி? இரவிலும் குழந்தையைப் பார்ப்பதற்குத் தனியாக எவ்வளவு?

இரண்டாவது, ஓய்வு. ஒரு நாளில் இரண்டு மணி நேரமாவது, "இது உன் நேரம்" என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, சாப்பாடும் படுக்கையும். எங்கே படுப்பது, கதவு சாத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயதுப் பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

நான்காவது, திரும்பும் வழி. உடம்புக்கு முடியாமல் போனாலோ மனவருத்தம் வந்தாலோ தனியாக ஊர் திரும்பப் பேருந்துக் காசு அவள் கையில் இருக்க வேண்டும். தங்கும் இடத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் வீட்டாரிடம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பத்திரங்கள். அடையாள அட்டை அவள் பையிலேயே இருக்கட்டும். வெளிநாடு போவதானால் கடப்பிதழும் அப்படியே. உரிய அதிகாரமின்றி அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

இவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால் பின்னால் சச்சரவு இல்லை. கேட்கும் முறையும் கடினமன்று. "அம்மா, பிள்ளைகளை நல்லா பார்த்துக்கிறேன். சம்பளம், ஓய்வு நேரம் எல்லாம் இப்பவே பேசிக்கிட்டா எனக்கும் மனசு நிம்மதியா இருக்கும்" என்றால் போதும். நல்ல வீட்டார் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொறுப்பு நம் பக்கமும் உண்டு. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைந்து வளைந்து ஏறும் சாலை. குழந்தைக்கு வாந்தி வரும். புறப்படுமுன் வயிறு நிறைய ஊட்டாதீர்கள். மாற்றுச் சட்டையும் துண்டும் பையின் மேலேயே இருக்கட்டும். மேலே இரவில் 16, 17 டிகிரி வரை குளிரும். குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கம்பளிச் சட்டை வேண்டும். போர்ட்டிக்சன் போன்ற கடற்கரையானால் இன்னும் எச்சரிக்கை தேவை. நீந்தத் தெரியாதவர், "எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரில் இறங்கும்போது ஐயாவோ அம்மாவோ கூட இருக்க வேண்டும்" என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருப்பது பணிவாகாது. ஒரு குழந்தையின் உயிர் அதில் இருக்கிறது. அவசர உதவிக்கு 999 என்ற எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. தோட்டத்தில் பிறந்து, படித்து, இன்று பட்டணத்தில் நல்ல நிலையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களில் சிலர் வீட்டிலும் இன்று பிள்ளை பார்க்க ஆள் இருக்கிறார். அவர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவராக இருக்கலாம். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணாகவும் இருக்கலாம். இருட்டோடு எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய தாய்மாருக்குப் பிறந்தவர்கள் நாம். தூங்குகிற குழந்தையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் வலி நமக்குத் தெரியும். உங்கள் பிள்ளையோடு மலை ஏறும் அந்தப் பெண்ணும் தன் பிள்ளையை எங்கோ விட்டுவிட்டு வந்திருப்பாள். அவளுக்கு இரவில் ஊருக்குப் பேச ஒரு கால் மணி நேரம் கொடுங்கள். உணவு மேசையில் ஓர் இடம் கொடுங்கள். பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுங்கள்.

விடுமுறைக்குப் போகும் குடும்பம் மகிழ்ச்சியாகப் போய் வரட்டும். பிள்ளை பார்க்கப் போகும் பெண், வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்து, கூலியும் ஓய்வும் திரும்பும் வழியும் பேசி முடித்துப் போகட்டும். அப்போதுதான் அவள் போய் வந்த மலையும் கடலும் அவளுக்கும் நல்ல நினைவாக நிற்கும்.