சாவி கைமாறும் நாளில்

என் அத்தை வீட்டு வெள்ளிச் சொம்பு ஐந்து மாதம் காணாமல் போயிருந்தது.

மடிப்பாக்கத்தில் தனி வீடு. மகளுக்குப் பிரசவம் என்று அத்தையும் மாமாவும் அமெரிக்கா கிளம்பியபோது, தெரிந்தவர் மூலம் வந்த ஒரு கல்லூரிப் பையனை வீட்டில் தங்கவைத்தார்கள். வாடகை கிடையாது, சம்பளமும் கிடையாது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், நாய்க்குச் சோறு வைக்க வேண்டும், ராத்திரி வாசல் விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. மே மாதம் திரும்பி வந்து பார்த்தால் பூஜை அலமாரியில் சொம்பு இல்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அந்த அலமாரியை நான் திறக்கவே இல்லை ஆன்ட்டி" என்றான். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவன் நண்பர்கள் வரைக்கும் பேச்சு பரவியது. நவராத்திரிக்குப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கியபோது, மரப்பாச்சி பொம்மைகளுக்கு நடுவே பழைய வேட்டியில் சுற்றியபடி சொம்பு இருந்தது. முந்தின வருஷம் கலசம் வைத்துவிட்டு அத்தையே அதைப் பொம்மைகளோடு கட்டி வைத்திருக்கிறார்.

அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் யாருடனும் பேசியதில்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இப்படி ஆள் வைத்துவிட்டுப் போவது இன்று சாதாரணம். பூட்டிய வீடு என்றால் கள்வனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் ஆள் வைக்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: வருகிறவரை நம்பலாமா? வருகிறவரும் அதையே கேட்க வேண்டும். வீட்டில் எது தொலைந்தாலும் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழும். அவர் கையில் அநேகமாக ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

முதலில் வீட்டுக்காரர்களின் பெரிய பயத்தைப் பார்த்துவிடலாம். "உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டானே? பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு அவனுக்குத்தானாமே?" இது பாதி உண்மையும் பாதி வதந்தியும் கலந்த பேச்சு. எதிரிடை அனுபவத்துக்குக் காலவரம்புச் சட்டத்தில் 12 ஆண்டு என்று இருப்பது சரி. ஆனால் அது உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக இடத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கானது. உங்கள் அனுமதியோடு தங்குபவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. கோவாவில் உடன்பிறந்தவர்களுக்கு இடையே நடந்த ஒரு வீட்டு வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பராமரிப்பாளராகவோ காவலாளாகவோ பணியாளாகவோ தங்கியவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை வராது, உரிமையாளர் கேட்டால் ஒப்படைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுத் தைரியமாக எதையும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அவர் பராமரிப்பாளராகத்தான் வந்தார் என்று காட்ட எழுத்து வேண்டும். அனுமதியின் பேரில் இன்னொருவர் இடத்தில் தங்குவதை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 'உரிமம்' என்கிறது. ஒரு பக்கத் தாள் போதும். யார் யாருக்கு அனுமதி தருகிறார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்த அறைகள், என்ன வேலை, பணம் உண்டா இல்லையா, விருந்தாளிகள் வரலாமா. இந்த முகவரியை வைத்து ரேஷன் அட்டையோ எரிவாயு இணைப்போ எடுப்பதில்லை என்று ஒரு வரி. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, தாளில் மட்டும் 'காவலுக்கு இருக்கிறார்' என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே நடப்பது என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். வாடகை வாங்கினால் அது வாடகைதான். அதற்குத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் பதிவும் தேவை.

அதே 1882 சட்டம் தங்குபவருக்கும் துணை நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அனுமதியை ரத்து செய்தாலும், வெளியேறவும் தன் பொருட்களை எடுத்துக்கொள்ளவும் அவருக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது அதன் 63-ஆவது பிரிவு. அமெரிக்காவிலிருந்து போன் போட்டு, "ராத்திரியே கிளம்பு" என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரரை விட்டுப் பூட்டை மாற்றுவது சரியல்ல. கைம்மாறு பெற்றுக்கொண்டு கொடுத்த அனுமதியை, அவர் மேல் தவறில்லாமல் பாதியில் முறித்தால் இழப்பீடு கேட்கவும் அடுத்த பிரிவில் வழி உண்டு.

ஆளை விசாரிப்பது எப்படி? 'நல்ல குடும்பத்துப் பையன்' என்ற சிபாரிசோடு நின்றுவிடுகிறோம். முன்பு அவர் தங்கிய வீட்டுக்காரரிடம் நீங்களே பேசுங்கள். ஆதார் நகலை வாங்கிப் பைலில் வைப்பதால் பயனில்லை. அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் அட்டை உண்மையா என்று தெரியும். கொடுப்பவர், எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த பிரதியைக் கொடுத்து, எதற்காகக் கொடுக்கிறார் என்பதை அதன் மேலேயே எழுதலாம். வாடகைதாரர், வீட்டுப் பணியாளர் பற்றிய விவரங்களைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஏஜென்சி மூலம் காவலாள் எடுத்தால், 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

வருகிறவரும் விசாரிக்கட்டும். வீடு உண்மையில் இவருடையதுதானா? மின்கட்டண ரசீதோ வீட்டு வரி ரசீதோ காட்டச் சொல்வதில் தப்பில்லை. பங்காளித் தகராறில் இருக்கும் வீட்டில், ஒரு பக்கம் தன் பிடியைக் காட்டிக்கொள்ள அப்பாவி ஒருவரைக் குடிவைப்பதும் நடக்கிறது. மறுபக்கம் கதவை உடைக்க வரும்போது உள்ளே இருப்பவர் அவர்தான். இன்னொரு சாவி யார் யாரிடம் இருக்கிறது, கடனுக்காக யாராவது தேடி வருவார்களா, நாய் கடிக்குமா, தடுப்பூசி போட்டாகிவிட்டதா, கதவுக்கு உள்தாழ் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். தனியாகத் தங்கப்போகும் பெண் என்றால் முதல் நாள் துணைக்கு ஒருவரோடு போய், ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

கேமரா விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாசலில் வைக்கலாம், கார் நிறுத்துமிடத்தில் வைக்கலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. கூடத்தில் வைப்பதானால் அவர் சம்மதித்துத் தாளில் எழுத வேண்டும். படுக்கையறை, குளியலறை என்றால் பேச்சுக்கே இடமில்லை. "என் வீடு, என் கேமரா" என்ற வாதம் அங்கே செல்லாது. ஒருவரின் அந்தரங்க உடற்பகுதிகளைச் சம்மதமின்றிப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். பாதிக்கப்பட்டவர் பெண்ணானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவும் சேரும். அப்படி ஒரு கேமராவைக் கண்டால் கழற்றி எறியாதீர்கள். இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுங்கள், வெளியே வாருங்கள், 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181-ம் இருக்கிறது.

சாவி கொடுக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இருவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து, ஒரே வீடியோவாக எடுங்கள். பீரோ, பரண், பூஜை அலமாரி, பிரிட்ஜின் கீறல், மீட்டர் எண், எதையும் விடாமல். பூட்டிய அறைக்குச் சாவி தரப்படவில்லை என்பதையும் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நகையை வீட்டில் வைத்துவிட்டு ஆளைச் சோதிக்கும் வேலை வேண்டாம். வங்கி லாக்கரில், திருட்டு, தீ, ஊழியர் மோசடியால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே அதிக மதிப்புள்ளதற்குக் காப்பீடும் பாருங்கள். வீட்டுத் திருட்டுக் காப்பீடுகள் பலவற்றில், வீட்டில் அனுமதியோடு இருப்பவரே எடுத்தால் பணம் இல்லை, நீண்ட நாள் ஆளில்லாமல் கிடந்தாலும் இல்லை என்ற நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருக்கும். கிளம்புமுன் படியுங்கள்.

தாய்ப்பத்திரம், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதிக்கொடுக்கும் பவர் பத்திரம், இவை எதுவும் வீட்டோடு கைமாறக் கூடாது. வீட்டின் மேல் புதிதாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று அறிய, வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். மோட்டார் சுவிட்ச், தண்ணீர் லாரிக்காரர் எண், எரிவாயு கசிந்தால் அழைக்க வேண்டிய 1906, அவசரத்துக்குச் செலவு செய்யக் கொஞ்சம் பணம், நம்பகமான பக்கத்து வீட்டார் ஒருவர். இவற்றையும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடலாம்.

அப்படியும் ஏதாவது காணாமல் போனால்? வீட்டுக்காரர் முதலில் தன் வீட்டைத் தேட வேண்டும், வீடியோவைப் பார்க்க வேண்டும், பிறகு எழுத்தில் புகார் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். நிலையத்தில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தாமே பையனை உட்காரவைத்து விசாரிப்பதும், போனையோ சான்றிதழையோ பிடுங்கி வைத்துக்கொள்வதும் வீட்டுக்காரரையே குற்றவாளியாக்கிவிடும்.

சந்தேகத்துக்கு ஆளானவருக்கு: விசாரணைக்குக் கூப்பிட்டால் எழுத்தில் கேளுங்கள். சாட்சி விசாரணைக்குப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்களையும் நிலையத்துக்கு வரக் கட்டாயப்படுத்த முடியாது; அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க உரிமை உண்டு. வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலே இலவச உதவி உண்டு.

திரும்பி வந்ததும் மறுபடி அந்த ஒரு மணி நேரம். களைப்பு, ஜெட் லாக் என்று தள்ளிப்போடாமல், இருவரும் மறுபடி அறை அறையாக நடந்து பார்த்து, 'எல்லாம் சரியாக இருந்தது, சாவி பெற்றுக்கொண்டேன்' என்று தேதி போட்டு வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அத்தை போன மாதம் மறுபடி கிளம்பினார். இப்போது தங்கியிருப்பது ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. வீடியோ எடுக்கும்போது அந்த அம்மா கேட்டார், "பரண்ல இருக்கிற பெட்டியையும் திறந்து காட்டிடுங்களேன்." மாமா ஏணி எடுக்கப் போனார்.