இறக்கத் துணைக் கட்டுப்பாடு

இறக்கத் துணைக் கட்டுப்பாடு என்பது செங்குத்தான, பிடிமானம் குறைந்த சரிவில் வாகனம் இறங்கும்போது, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காமலேயே வண்டி ஏறத்தாழ நடை வேகத்தில் இறங்கும்படி நான்கு சக்கரங்களின் பிரேக்குகளையும் தனித்தனியாக இயக்கும் மின்னணு அமைப்பு ஆகும். டொயோட்டா நிறுவனம் இதை டவுன்ஹில் அசிஸ்ட் கன்ட்ரோல் என்றும், இசுசு உள்ளிட்ட பல நிறுவனங்கள் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்றும் அழைக்கின்றன. பெயர் வேறானாலும் வேலை ஒன்றே. 1997-இல் வெளிவந்த லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் வண்டியில் இது முதன்முதலில் இடம்பெற்றது. அந்த வண்டியில் லோ ரேஞ்ச் கியர் கிடையாது; அந்தக் குறையை ஈடுகட்டவே பிரேக்கைக் கொண்டு இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். இந்தியாவில் 2022-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸிலும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸின் உயர்வகைகளிலும் இது உண்டு.

சமவெளியில் எங்கே தேவைப்படுகிறது?

விழுப்புரம், திண்டிவனம் பகுதி பெரும்பாலும் சமதளம். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் பிக்கப் வண்டிக்கு இந்தப் பொத்தானை அழுத்த வேண்டிய நாளே வராது. ஆனால் சாலையை விட்டு இறங்கினால் கதை மாறும். திண்டிவனம், வானூர் வட்டாரக் கல் குவாரிகளில் குழிக்குள் இறங்கும் பாதை, கெட்டியான பாறையின்மேல் கிரஷர் தூசும் பொடி ஜல்லியும் பரவிய சரிவு. ஏரிக்கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் வண்டித்தடம் நீளத்தில் சிறியதுதான். மழைக்காலத்தில் களிமண் வழுக்கும். செஞ்சியைச் சுற்றியுள்ள குன்றுகளின் அடிவாரத் தடங்களில் உருண்டைக் கற்கள். மேற்கே, 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குச் செல்லும் மலைச்சாலையும் அதிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் மண்பாதைகளும் உள்ளன.

கால் செய்ய முடியாத வேலை

சுமையோடு 2,500 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப், 20 டிகிரி சரிவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 850 கிலோ எடைக்குச் சமம். இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்சக்கரங்களுக்கு நகரும், பின்பகுதி இலேசாகும். தொட்டி காலியாக இருந்தால் இன்னும் மோசம். பயந்துபோய் பிரேக்கை அழுத்தி மிதித்தால், இலேசான பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கும். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி திரும்பாது. ஓட்டுநருக்கு இருப்பது ஒரே மிதிகட்டை. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் வேண்டும் என்று அவர் பிரித்துக் கொடுக்க முடியாது.

அந்தப் பிரிப்பைத்தான் இந்த அமைப்பு செய்கிறது. இதற்கெனப் புதிய பிரேக் எதுவும் இல்லை. ஏபிஎஸ் அமைப்பில் ஏற்கெனவே உள்ள சென்சார், ஹைட்ராலிக் பம்ப், மின்காந்த வால்வுகள் ஆகியவையே இதற்கும் உழைக்கின்றன. பொத்தானை அழுத்தி, பிரேக்கிலிருந்தும் ஆக்சிலேட்டரிலிருந்தும் காலை எடுத்ததும், ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதைக் கணினி தொடர்ந்து ஒப்பிடும். வண்டி குறித்த வேகத்தைத் தாண்டினால் பம்ப் தானாக பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டும். ஒரு சக்கரம் மட்டும் பூட்டப் போனால் அதன் வால்வு திறந்து அழுத்தத்தை விடும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். அப்போது தரைக்கடியில் கடகடவென்று ஒரு சத்தம் வரும், வண்டி இலேசாக அதிரும். முதன்முறை கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடுவதுண்டு. அது பழுதில்லை. பிரேக் வேலை செய்யும்போது பின்விளக்கும் எரியும்.

எஞ்சின் பிரேக் போதாதா?

லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு இறக்குவது பழைய முறை, நல்ல முறையும்கூட. இவ்வகை பிக்கப்களில் லோ ரேஞ்ச், கியர் விகிதத்தைச் சுமார் இரண்டரை மடங்கு கூட்டும். டீசல் எஞ்சினின் தடுப்பு விசை பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு என்பதால் இந்தப் பெருக்கம் அவசியம். ஆனால் எஞ்சின் பிரேக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே டிஃபரன்ஷியல் இருப்பதால், பள்ளத்தில் ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கினால் எஞ்சினின் பிடி அந்தச் சக்கரத்தின் வழியே நழுவிவிடும். தரையில் உள்ள மற்றொன்று கட்டின்றி ஓடும். அந்த நேரத்தில் ஓடும் சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்துவது இந்த அமைப்புதான். ஆகவே லோ ரேஞ்சும் இதுவும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, சேர்த்தே பயன்படுத்த வேண்டியவை. மேனுவல் கியர் வண்டியில் இறக்கத்தின் நடுவே கிளட்சை மிதித்தால் எஞ்சினின் உதவி அறுந்து, முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிவிடும் பழக்கத்திலும் அதே ஆபத்து.

வரம்புகள்

இந்த அமைப்பு டயரின் பிடிமானத்தைக் கூட்டாது. இருப்பதைச் சரியாகப் பங்கிடும், அவ்வளவுதான். 20 டிகிரி சரிவில் சறுக்காமல் நிற்க டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் குறைந்தது 0.36 இருக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் அது 0.7-க்கும் மேல். நனைந்த களிமண்ணில் 0.3-க்கும் கீழே போகலாம். அங்கே எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வண்டி சறுக்கவே செய்யும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது வரம்பு வெப்பம். கல்வராயன் மலைச்சாலை போன்ற ஓர் இறக்கத்தில் 2,500 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 1.2 கோடி ஜூல். இரண்டு 20 லிட்டர் கேன் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதன் பெரும்பகுதியை எஞ்சினிடம் விடாமல் பிரேக்கிடம் விட்டால் டிஸ்க்கும் டிரம்மும் சூடேறி பிடிப்பை இழக்கும். எனவே நீண்ட தார்ச்சாலை இறக்கத்துக்கு உரியது தாழ்ந்த கியர்தான். இறக்கத் துணைக் கட்டுப்பாடு, குவாரிச் சரிவு போன்ற குறுகிய, கரடுமுரடான இறக்கத்துக்கானது. தொடர்ந்து இயங்கினால் ஹைட்ராலிக் பகுதியே சூடாகும். அப்போது டொயோட்டா வண்டிகளில் எச்சரிக்கை ஒலி எழுந்து அமைப்பு தற்காலிகமாக நின்றுவிடும். ஓட்டுநரின் கால் எப்போதும் பிரேக்குக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சேற்றில் ஓடிய வண்டியில் சக்கர சென்சாரின்மேல் மண் அப்பிக்கொண்டாலும், அதன் ஒயர் அறுந்தாலும் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த விளக்கு எரியும் வண்டியில் இறக்கத் துணைக் கட்டுப்பாடும் வேலை செய்யாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சரிவின் உச்சியில் நின்று பொத்தானை அழுத்தி, டாஷ்போர்டில் அதன் அடையாள விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே சக்கரத்தை இறக்கத்தில் விடுவது வழக்கம்.