கொல்லைப்புறக் கோழிகள் – 7: இரண்டு தூய வழிகள், ஒரு கலப்பினம்

மேய்ந்து திரியும் நாட்டுக்கோழிப் பெட்டை ஆண்டுக்கு 50 முதல் 80 முட்டை இடும். கூண்டில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் வெள்ளை லெகார்ன் 300ஐத் தாண்டும். இந்த வேறுபாட்டுக்குத் தீவனம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அடைகாக்கும் குணம். நாட்டுப் பெட்டை ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். பொரித்த பிறகும் ஏறத்தாழ இரண்டு மாதம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அதுவரை அடுத்த முட்டை இல்லை. முட்டையிட இருபது நாள், அடைக்கு மூன்று வாரம், குஞ்சு வளர்க்க இரண்டு மாதம் என ஒரு சுற்றுக்கு நூறு நாள் ஓடிவிடும். ஆண்டுக்கு மூன்றரைச் சுற்று, சுற்றுக்குப் பதினைந்து முட்டை என்று பெருக்கினால் விடை ஐம்பத்துச் சொச்சம்தான்.

ஆனால் அதே பெட்டைக்குப் பருந்தின் நிழல் தெரியும். குப்பையைக் கிளறிப் பூச்சியும் தானியமும் தேடித் தின்னத் தெரியும். மண்ணிறம், கருமை, புள்ளி என அதன் இறகு நிறம் மண்ணோடும் புதரோடும் கலந்து, கீரிக்கும் பூனைக்கும் எளிதில் தென்படாமல் காக்கும். வெள்ளை லெகார்ன் கொல்லையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதற்கு அடைகாக்கும் வழக்கமும் போய்விட்டது. தீவனமும் தடுப்பூசியும் தவறாமல் கிடைத்தால்தான் அதன் முட்டைக் கணக்கு நிற்கும். நாட்டுக்கோழியின் பிழைக்கும் திறனையும் சீமைக்கோழியின் முட்டையையும் கறியையும் ஒரே உடலில் சேர்ப்பதுதான் புறக்கடைக் கோழியின ஆராய்ச்சியின் குறிக்கோள்.

தரம் உயர்த்தும் முயற்சி

முதலில் கையாளப்பட்ட வழி எளிமையானது. ஊருக்குள் ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்ட்ராலார்ப், லெகார்ன் போன்ற சீமைச் சேவல்களைக் கொடுத்து, அங்குள்ள நாட்டுப் பெட்டைகளோடு சேர விடுவது. முதல் தலைமுறைக் குஞ்சில் சீமை ரத்தம் பாதி. அந்தப் பெட்டைகளுக்கு மீண்டும் சீமைச் சேவலே சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் 75 சதவீதம், அதற்கடுத்து 87.5 சதவீதம். முட்டை கூடும், கூடவே தீவனத் தேவையும் நோய்வாய்ப்படுதலும் கூடும், அடைகாக்கும் குணம் குறையும். மூன்றாம் தலைமுறையில் ஊரில் இருப்பது பண்ணைத் தீவனம் இல்லாத பண்ணைக்கோழி. புதிய சேவல் வருவது நின்றுபோனாலோ, பழைய நாட்டுச் சேவலின் ரத்தம் மறுபடி கலந்து முட்டைக் கணக்கு பழைய இடத்துக்கே இறங்கும். இந்த இரண்டு முடிவுகளையும் தவிர்க்க வேண்டுமானால் கலப்பை ஊரில் நடத்தக் கூடாது. பண்ணையில் திட்டமிட்டு நடத்தி, குஞ்சை மட்டும் ஊருக்குக் கொடுக்க வேண்டும்.

கலப்பின வீரியம்

தொடர்பில்லாத இரண்டு இனங்களைச் சேர்த்தால் பிறக்கும் முதல் தலைமுறை, பெற்றோர் இரண்டின் சராசரியைவிடச் சில குணங்களில் மேலாக இருக்கும். இதுவே கலப்பின வீரியம். எல்லாக் குணங்களிலும் இது ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. உடல் எடை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஓரளவு அப்படியே இறங்கும் குணம்; அதில் நல்ல சேவலையும் பெட்டையையும் தேர்ந்தெடுத்தாலே முன்னேற்றம் வரும். முட்டை எண்ணிக்கை, கருக்கூடும் திறன், குஞ்சு பிழைக்கும் விகிதம் ஆகியவை தேர்வுக்கு மெதுவாகவே வளைந்துகொடுக்கும். கலப்பு கைகொடுப்பது இந்தக் குணங்களில்தான். கொல்லையில் வளரும் கோழிக்கு மிகவும் வேண்டியவையும் இவையே.

ஆனால் இந்த வீரியம் முதல் தலைமுறைக்கு உரியது. கலப்பினச் சேவலையும் கலப்பினப் பெட்டையையும் தமக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் அதில் பாதி கரைந்துவிடும். நிறமும் எடையும் முட்டைத் திறனும் குஞ்சுக்குக் குஞ்சு மாறும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஆண்டுதோறும் புது விதை வாங்குவது எதனாலோ, அதே காரணத்தால் கலப்பினக் கோழிக்கும் புதுக் குஞ்சு வாங்க வேண்டியிருக்கிறது.

வனராஜாவின் தந்தையும் தாயும்

இந்தியாவில் இந்த முறையில் உருவான கோழிகளில் பரவலாகத் தெரிந்தது வனராஜா. ஹைதராபாத் ராஜேந்திர நகரில் 1988இல் தொடங்கிய கோழியினத் திட்ட இயக்ககம், இன்றைய கோழியின ஆராய்ச்சி இயக்ககம், இதை உருவாக்கியது. இதற்கு இரண்டு தூய வழிகள் தனித்தனியே பராமரிக்கப்படுகின்றன. தந்தை வழி பிடி-1, சிவப்புக் கார்னிஷ் கோழியிலிருந்து வந்தது. தாய் வழி பிடி-2, முட்டைக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவது.

இரண்டு வழிகளைத் தனித்தனியே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உடல் எடையும் முட்டை எண்ணிக்கையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் குணங்கள். ஒரே கூட்டத்தில் இரண்டையும் ஒருசேர உயர்த்த முயன்றால் இரண்டும் மெதுவாகும். ஆகவே எடையும் உருவமும் தந்தை வழியில், முட்டை தாய் வழியில் என்று வேலை பிரிக்கப்படுகிறது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கனத்த சேவல் அதிகம் தின்றாலும் செலவு தாங்கும். பெட்டைதான் நிறையக் குஞ்சு முட்டை தர வேண்டியது. அது முட்டைக் குணம் உள்ளதாக இருந்தால்தான் குஞ்சின் விலை அடங்கும்.

பிடி-1 வழியில் அடுத்த தலைமுறைக்கான கோழியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆறாவது வாரத்தில் கணுக்காலின் நீளம் அளக்கப்படுகிறது. கால் நீண்ட குஞ்சு பெரும்பாலும் உடலும் நன்றாக வளரும். ஆனால் பிராய்லர் போலத் தொடையும் மார்பும் கனத்து உட்கார்ந்துவிடாது. கொல்லையில் நாய் துரத்தினால் ஓடவும், வேலி மேல் தாவவும் நீண்ட கால் வேண்டும். வெறும் எடையை மட்டும் தேர்ந்திருந்தால் கிடைத்திருப்பது இன்னொரு கறிக்கோழி.

வனராஜா பெட்டை புறக்கடையில் ஆண்டுக்கு 100 முதல் 110 முட்டை தரும். அது நாட்டுக்கோழியின் கணக்கைப்போல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. முட்டையும் பெரியது, ஓடு பழுப்பு. முட்டையை முதன்மையாகக் கருதுவோருக்கு அதே இயக்ககம் தந்த கிராமப்பிரியா, 150க்கு மேல் இடும். அதன் தாய் வழி, ஜெர்மனியிலிருந்து வந்த டாலெம் ரெட் இனத்தைச் சேர்ந்தது. பெங்களூரு ஹெப்பாலில் உருவான கிரிராஜாவும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தந்த நந்தனம் கோழியும் இதே நோக்கத்தில் பிறந்தவை.

வனராஜாவின் தந்தை வழிக்கு மூலமான கார்னிஷ், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதை உருவாக்கச் சேர்க்கப்பட்டவற்றில் முக்கியமானது இந்தியாவிலிருந்து போன அசீல் சண்டைச் சேவல். உலகின் பிராய்லர் கோழிகளுக்கெல்லாம் அகன்ற மார்பைக் கொடுத்தது இந்தக் கார்னிஷ்தான். இன்றைய கறிக்கோழித் தொழிலின் வேரில் ஒரு நாட்டுக்கோழி இருக்கிறது.

இசத்நகரின் நான்கு கலப்புகள்

உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இசத்நகரில் 1979இல் நிறுவப்பட்ட மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாகக் காரி, நாட்டு இனங்களையே ஒரு பக்கத்துப் பெற்றோராக வைத்தது. மறுபக்கம் காரி ரெட் வழி. அசீலோடு சேர்ந்தது நிர்பீக். கடக்நாத்தோடு சேர்ந்தது ஷ்யாமா. கழுத்தில் இறகில்லாத கோழியோடு சேர்ந்தது ஹித்காரி. இறகு சுருண்ட கோழியோடு சேர்ந்தது உப்காரி. நிர்பீக்கில் அசீலின் துணிவும் உடல்வாகும், ஷ்யாமாவில் மத்தியப் பிரதேச ஜாபுவா வட்டாரக் கருங்கோழியின் கருமையும் தெரியும்.

மற்ற இரண்டும் வெப்பத்தை முன்னிட்டு எடுத்த முடிவுகள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. இறகுப் போர்வை உடல் சூட்டை வெளியே விடாது. தமிழகத்தில் கிராப்புக் கோழி என்று சொல்லப்படும் கழுத்து மொட்டைக் கோழிக்கு அந்தக் குணத்தைத் தருவது ஒற்றை மரபணு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் உடல் இறகில் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். இருவரிடமிருந்தும் வந்தால் 40 சதவீதம் வரை. கோழியைக் கையில் எடுத்துப் பார்த்தே இதைச் சொல்லலாம்: கழுத்தின் முன்பக்கம், இரைப்பைக்குச் சற்று மேலே ஒரு கொத்து இறகு இருந்தால் அந்த மரபணு ஒன்று, அந்தக் கொத்தும் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் இரண்டு. இறகு சுருளும் மரபணுவிலோ எச்சரிக்கை வேண்டும். ஒன்று இருந்தால் இறகு வெளிநோக்கிச் சுருண்டு காற்று புகும்; இரண்டு சேர்ந்தால் இறகு ஒடிந்து உதிர்ந்து கோழி நலியும். ஆகவே சுருட்டைச் சேவலுக்குச் சுருட்டைப் பெட்டையைச் சேர்க்கக் கூடாது.

கலப்பையே இனமாக்குவது

ஆண்டுதோறும் குஞ்சு வாங்க முடியாத இடங்களுக்கு இன்னொரு வழி உண்டு. பல இனங்களைக் கலந்து, பிறகு அந்தக் கூட்டத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கி, நிலையான புது இனமாக்குவது. தென்னாப்பிரிக்காவில் பொட்செஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில் 1950களில் உருவான கூக்கூக் கோழி இதற்கு நல்ல சான்று. கறுப்பு ஆஸ்ட்ராலார்ப், வெள்ளை லெகார்ன், வரிப்பட்டை பிளைமவுத் ராக் ஆகிய மூன்றும் அதில் கலந்தன. அதன் முட்டையை ஊரிலேயே அடை வைத்தால் அதே கூக்கூக் பிறக்கும். ஒருநாள் குஞ்சிலேயே ஆண் பெண் பிரிக்கலாம்; ஆண் குஞ்சின் தலையில் வெள்ளைப் புள்ளி பெரிதாக இருக்கும். இப்படிக் கலப்பையே இனமாக்கும்போது வீரியம் முழுவதும் தங்காது. இரண்டு இனக் கலப்பில் பாதி, மூன்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நான்கில் முக்கால் பங்கு நிலைக்கும் என்பது மரபியல் கணக்கு.

தூய வழி கெடாமல்

எந்த வழியானாலும் அடிப்படை, பெற்றோர்க் கூட்டம். குஞ்சு பிறந்ததும் இறக்கையில் எண் பட்டை மாட்டப்படுகிறது. பெட்டை நுழைந்ததும் கதவு தானே விழும் முட்டைப் பெட்டிகளில் எந்தப் பெட்டை எந்த முட்டை இட்டது என்று குறிக்கப்படுகிறது. இந்தக் கணக்கு இல்லாமல் தேர்வு இல்லை. கூட்டத்தின் அளவும் முக்கியம். ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் மட்டும் வைத்து இனம் பெருக்கினால் ஒரு தலைமுறையில் ரத்த உறவு நெருக்கம் ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். முட்டை குறையும், குஞ்சு சாகும். 50 சேவலும் 250 பெட்டையும் இருந்தால் அந்தக் கூடுதல் 0.3 சதவீதம்தான். நல்ல சேவல் ஒன்றையே பல ஆண்டு பயன்படுத்தும் சிறு பண்ணைகள் சரிவது இதனால்தான்.

கொல்லைக்கு வந்த பிறகு

கலப்பினக் குஞ்சுக்குத் தாய் இல்லை. முதல் ஆறு வாரம் விளக்குச் சூட்டிலும் தீவனத்திலும் வளர்த்த பிறகே மேய விட வேண்டும். முதல் நாள் மாரெக்ஸ் தடுப்பூசி, முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் மீண்டும் ஊசி ஆகியவை தவறக் கூடாது. மாலையில் கைப்பிடித் தானியமாவது போட வேண்டும். நூறு முட்டையும் வெறும் மேய்ச்சலில் வராது. இந்தப் பெட்டைகள் அரிதாகவே அடையில் உட்காரும். ஊர்களில் இவற்றின் முட்டையை நாட்டுப் பெட்டையின் அடையில் வைத்துப் பொரிக்கிறார்கள். பொரித்துத் தருவதும் காத்து வளர்ப்பதும் இன்னும் நாட்டுக்கோழிதான்.

கலப்பினம் நாட்டுக்கோழிக்கு மாற்று அன்று. நாட்டுக்கோழி இருக்கும்வரைதான் கலப்பினம் இருக்கும். கலப்பினம் வளர்ப்போர் அதன் சேவல்களைப் பருவம் வருமுன் கறிக்கு விற்றுவிட வேண்டும். நாட்டுப் பெட்டைகளோடு அவற்றைச் சேர விடக் கூடாது. ஊரில் சில வீடுகளாவது நல்ல நாட்டுச் சேவலையும் பெட்டைகளையும் கலப்பில்லாமல் காத்து, ஆண்டுக்கு ஒருமுறை சேவலை அயல் ஊரோடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)