சாமானியப் பிரஜைக்கு ஓர் உடன்படிக்கை

முதல் உலக யுத்தம் மூளுவதற்கு முன், ருஷ்யா, துருக்கி போன்ற சில ராஜ்யங்கள் நீங்கலாக, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்குச் செல்லும் பிரயாணியைப் பாஸ்போர்ட் கேட்டு நிறுத்துவோர் அரிதாகவே இருந்தனர். ஒற்றர்களுக்கு அஞ்சி யுத்த காலத்தில் எல்லைகளில் விதிக்கப்பட்ட நிர்ப்பந்தங்கள் சமாதானம் வந்ததும் தாமே விலகிவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள். யுத்தம் முடிந்தது, நிர்ப்பந்தங்கள் முடியவில்லை. 1920 அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸில் கூடிய மகாநாடு, பாஸ்போர்ட்டுக்கு 32 பக்கங்கள் கொண்ட ஒரே மாதிரியான வடிவத்தை வகுத்ததே தவிர, அதை ஒழிக்கவில்லை. 1926-ல் ஜெனீவாவில் கூடிய மகாநாடும், பாஸ்போர்ட்டை அறவே நீக்குவது அப்போதைக்கு இயலாது என்று கண்டு, விசாவையேனும் தேசங்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்து நீக்கிக்கொள்ளலாம் என்று யோசனை கூறிக் கலைந்தது.

அந்த யோசனை விரிந்த அளவில் பலித்தது, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான். ஐரோப்பியக் கவுன்சிலைச் சேர்ந்த சில தேசங்கள் 1957 டிசம்பர் 13-ஆம் தேதி பாரிஸில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஒரு தேசத்துப் பிரஜை மற்றொரு தேசத்துக்கு விசா இன்றிச் சென்று மூன்று மாதங்கள் வரை தங்கலாம். அங்கே கூலிக்கு வேலை செய்வதும் நிரந்தரமாகக் குடியேறுவதும் கூடாது. எந்தப் பத்திரத்தைக் காட்டினால் போதும் என்று ஒவ்வொரு தேசமும் அநுபந்தத்தில் குறித்தது. அடையாளச் சீட்டே போதும் என்றன சில. காலாவதியாகி ஐந்து ஆண்டுகள் கடக்காத பாஸ்போர்ட்டையும் ஏற்போம் என்றன வேறு சில. பகைமையின் ரணம் ஆறாதிருந்த ஒரு கண்டத்தில், யுத்தம் ஓய்ந்து பன்னிரண்டே ஆண்டுகளில், சாமானிய மனிதனிடம் இத்தனை விசுவாசம் வைக்கப்பட்டது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

விசா வேண்டாம் என்ற நிலை ஒரு பிரயாணிக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒரு சர்க்கார் தன் சௌகரியத்தை உத்தேசித்துத் தானாகத் தருவது ஒன்று. இரு சர்க்கார்கள் சமமாக அமர்ந்து பேசிக் கையொப்பமிட்டுத் தருவது மற்றொன்று. விமான நிலையத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் கஷ்ட காலத்தில்தான் வித்தியாசம் விளங்கும். சிங்கப்பூர்ப் பிரஜைகள் 15 நாட்கள் விசா இன்றித் தங்கிவரச் சீனா நெடுங்காலம் தானாகவே இடம் கொடுத்து வந்தது. 2020-ல் கொள்ளை நோய் வந்ததும் அந்தக் கதவு அடைபட்டு, 2023 ஜூலையில்தான் மீண்டும் திறந்தது. அந்தக் காலம் முழுவதிலும் சீனப் பிரஜை சிங்கப்பூர் வர விசா வாங்கவேண்டியவராகவே இருந்தார். 2024 ஜனவரி 25-ஆம் தேதி பீஜிங்கில் இரு தரப்பாரும் உடன்படிக்கை செய்துகொண்டு, சீனப் புத்தாண்டுக்கு முந்திய தினமாகிய பிப்ரவரி 9 முதல் இரு நாட்டுச் சாதாரணப் பாஸ்போர்ட்காரர்களும் பரஸ்பரம் 30 நாட்கள் தங்கலாம் என்று ஏற்படுத்தினார்கள். உறவினரைக் காண்பதற்கும், வியாபாரம் பேசுவதற்கும், ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் இது செல்லும். வேலை பார்ப்பதற்குச் செல்லாது. ஒரு தரப்பின் தயவாக இருந்தது இரு தரப்பின் கடமையாக மாறியது இவ்வாறுதான்.

உடன்படிக்கை என்பதாலேயே அது அசையாத கல்வெட்டு ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே, பொது ஒழுங்கு, பாதுகாப்பு, சுகாதாரம் ஆகிய காரணங்களை முன்னிட்டு அதைத் தாற்காலிகமாக நிறுத்திவைக்க ஒவ்வொரு தேசத்துக்கும் அதிகாரம் உண்டு. துருக்கியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய 1980-ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில், அடைக்கலம் கோரி வருவோர் பெருகிவிட்டனர் என்று கூறி மேற்கு ஜெர்மனி துருக்கியருக்கு விசாவை விதித்தது. 1961-ல் ஒப்பந்தம் செய்து அந்த ஜனங்களைத் தன் தொழிற்சாலைகளுக்கு வரவழைத்த தேசமே, பேரக் குழந்தையைப் பார்க்க வரும் பாட்டியைத் தூதரக வாசலில் காத்திருக்கச் செய்தது.

உடன்படிக்கையே இல்லாமல் வழக்கத்தை மட்டும் நம்பியிருந்தவர்களின் கதி இன்னும் துயரமானது. காமன்வெல்த் தேசத்துப் பிரஜைகள் விசா இன்றிப் பிரிட்டனுக்குச் சென்றுவருவது நெடுநாளைய வழக்கமாக இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் உயிருக்கு அஞ்சி லண்டனில் வந்திறங்கத் தொடங்கியதும், 1985 மே மாதத்தில் பிரிட்டன் இலங்கைப் பிரஜைகளுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. ஒரு காமன்வெல்த் தேசத்தின்மேல் அது இந்த விதியைச் சுமத்தியது அதுவே முதல் தடவை. மறு ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், நைஜீரியா, கானா ஆகிய தேசங்களுக்கும் அதே விதி அறிவிக்கப்பட்டது. 1987-ல், உரிய பத்திரம் இல்லாதவரை ஏற்றிவரும் விமானக் கம்பெனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம் என்று சட்டமும் ஆயிற்று. வீடு எரிந்த மனிதன் விசாவுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்று சொல்வது எவ்விதத்திலும் நியாயமாகாது. உடன்படிக்கை ஒன்று இருந்திருந்தாலும் அதையும் நிறுத்திவைத்திருக்கலாம் என்பது மெய்யே. ஆயினும் 1957 உடன்படிக்கையில் கண்டபடி நிறுத்திவைப்பதை உடனே அறிவித்தாக வேண்டும் என்ற கட்டு இருக்கும். வாக்குக் கொடுத்தவனிடம் காரணம் கேட்க மறு தரப்புக்கு உரிமையும் இருக்கும்.

இப்போது ஐரோப்பாவின் ஷெங்கன் தேசங்கள் வெளிநாட்டாரோடு செய்துகொள்ளும் ஏற்பாடுகளில், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது என்பதே பொது விதி. ஐரோப்பிய யூனியன் 2015 மே மாதத்தில் ஐக்கிய அரபு எமிரேட்டுகளுடன் செய்த உடன்படிக்கையும் இந்தக் கணக்கின்படியே அமைந்தது. அரபு தேசங்களில் இந்தச் சலுகையை முதலில் பெற்றது அந்த எமிரேட்டுகளே. இத்தகைய உடன்படிக்கையை அடையச் செல்வமும் செல்வாக்கும் பெரிதும் துணை செய்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

நம் தேசத்தின் நிலையைப் பார்ப்போம். ராஜதந்திரிகளின் பாஸ்போர்ட்டுக்கும் உத்தியோகப் பாஸ்போர்ட்டுக்கும் விசா விலக்களிக்கும் உடன்படிக்கைகளை இந்தியா எத்தனையோ தேசங்களுடன் செய்திருக்கிறது. சாதாரணப் பிரஜைகள் இரு திசைகளிலும் விசா இன்றிப் போய்வரும் ஏற்பாடு, 1950 ஜூலை 31-ல் செய்த உடன்படிக்கையின் வழியே நேபாளத்துடனும், பிறகு பூட்டானுடனும் மாலத்தீவுடனும்தான் குறிப்பிடத்தக்கதாக நிலவுகிறது. 2023-ன் இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் நமக்கு விசா விலக்களித்தபோது நாம் மகிழ்ந்தோம், மகிழ்ச்சி நியாயமானதே, ஆனால் அவை அந்தத் தேசங்கள் தங்கள் சுற்றுலா வருமானத்தை எண்ணித் தாமாகத் தந்தவை, தவணை குறித்தும் விதி மாற்றியும் நீட்டவோ நிறுத்தவோ அவர்களுக்கே அதிகாரம் உள்ளவை. பினாங்கிலும் ஈப்போவிலும் உறவினர் உள்ள எண்ணற்ற தமிழ்க் குடும்பங்களின் கல்யாணமும் கருமாதியும் அப்படிப்பட்ட ஓர் அறிவிப்பின் தயவில் இருக்கலாகாது. அங்கிருந்து இங்கு வரும் அத்தையும் மாமாவும் நம்மிடம் விசா வாங்கித்தான் வரவேண்டும் என்று நாம் வைத்திருப்பதும் அந்த நட்புக்கு அழகல்ல. அந்நிய தேசத்துத் தலைவர் டில்லிக்கு வந்து ஒப்பந்தங்களில் கையொப்பமிடும்போதெல்லாம், அவற்றில் நீல நிறச் சாதாரணப் பாஸ்போர்ட்காரருக்கு ஒரு ஷரத்தேனும் உண்டா என்று நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் எழுந்து கேட்க வேண்டும். கேட்கும்படி நாம் அவர்களுக்கு எழுத வேண்டும்.